முத்தீவுக்காரர்கள் ஜனநாயகத்தைக் காப்பாற்றின கதை

ஆசியாவைப் படமாக வரைந்தவர்கள் கை வலித்துப்போய் வரையாமல் விட்ட ஒரு மூலையில் மூன்று தீவுகள் இருந்தன. மேலத்தீவு, நடுத்தீவு, கீழத்தீவு. மூன்றுக்கும் சேர்த்து முத்தீவு என்று பெயர். அங்கே உப்பு உண்டு, மீன் உண்டு, வெயில் வேண்டிய மட்டும் உண்டு. புத்தி மட்டும் அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கப்பல் இன்னும் வரவில்லை.

முத்தீவை இருபது வருஷமாக ஆண்டுகொண்டிருந்தவர் தலைவர் மகுடபதி. அவரையும் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவரும் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவர்தானே! ஆனால் தடி பிடித்த ஆள் நாற்பது பேர் வைத்திருந்தார். "இந்தத் தேர்தல்தான் கடைசி. இதிலும் நானே ஜெயித்தால், இனிமேல் ஓட்டுப் போடுகிற சிரமமே உங்களுக்கு இல்லை" என்று தண்டோரா போட்டுவிட்டார்.

மேலத்தீவில் ஐஸ் உடைத்து விற்கிற வடிவழகி இதைக் கேட்டதும் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டாள். அவள் புருஷன் சுடலைமுத்து ஏழு மாதமாக லாக்கப்பில் கிடந்தான். தலைவர் பேசும்போது எல்லாரும் கைதட்ட, இவன் கொட்டாவி விட்டுவிட்டானாம். அதுதான் குற்றம். மகுடபதி இறங்கினால்தான் புருஷன் வீட்டுக்கு வருவான். அவன் இல்லாத வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐஸை உடைத்துக்கொண்டே அழுவாள், பாதி ஐஸ் அதிலேயே கரைந்துபோகும்.

மேலத்தீவு சுதந்திரக் கட்சிக்கு அவள்தான் தலைவி. நடுத்தீவு சுதந்திரக் கட்சிக்கு கஸாலி மரைக்காயர். கீழத்தீவு சுதந்திரக் கட்சிக்கு சூசை பர்னாந்து. மூன்று கட்சிக்கும் ஒரே கொள்கை, ஒரே கொடி. ஆனால் பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. யார் முதலில் வணக்கம் சொல்வது என்பது முடிவாகாமல் இருந்தது.

வடிவழகி மானத்தைப் பார்க்கவில்லை. தானே போய் இரண்டு பேருக்கும் வணக்கம் சொன்னாள். அன்றைக்கே கூட்டணி அமைந்தது. ஆசியாவிலுள்ள சுதந்திரக் கட்சிகளுக்கெல்லாம் ஒரு சங்கம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, யோசனை கேட்டுக் கடிதம் போட்டார்கள். நாலே வரியில் பதில் வந்தது.

"எதையும் மூவரும் சேர்ந்தே செய்யுங்கள். வாக்கு ரகசியமாக இருக்கட்டும். எதிரியின் கருத்தையும் மதியுங்கள். எதிர்க்கட்சி இல்லாத சபை ஜனநாயகம் ஆகாது."

மூன்று பேரும் அதை மனப்பாடம் செய்தார்கள். சூசைக்கு மட்டும் நாலு நாள் பிடித்தது.

முதலில் பிரசாரம். சேர்ந்தே செய்ய வேண்டுமே, அதனால் ஒரே படகில் ஏறினார்கள். ஆளுக்கொரு துடுப்பு. நடுக்கடலுக்கு வந்ததும் படகு நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது.

"ஏன் இது சுத்துது?" என்றாள் வடிவழகி.

"நான் கீழத்தீவுக்குத்தான் வலிக்கிறேன் தாயி" என்றார் சூசை.

"நான் நடுத்தீவுக்கு" என்றார் மரைக்காயர். "நீ எங்கம்மா வலிக்கிறே?"

"மேலத்தீவுக்கு."

"அப்ப சரியாத்தான் இருக்கு. மூணு பேரும் சேர்ந்துதானே வலிக்கிறோம்?"

யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கலாமா என்று ஆலோசனை நடந்தது. ஒருத்தர் மட்டும் விட்டுக்கொடுத்தால் அது தனியாகச் செய்த காரியம் ஆகிவிடும் என்றார் மரைக்காயர். சரி, மூன்று பேரும் விட்டுக்கொடுப்போம் என்று துடுப்பை ஒன்றாகக் கடலில் விட்டார்கள். பிறகு அலையாகப் பார்த்து அவர்களைக் கரை சேர்க்கப் பன்னிரண்டு நாள் ஆனது.

அந்தப் பன்னிரண்டு நாளும் மூன்று தீவுக்காரர்களும் கரையில் நின்று பார்த்தார்கள். "இருபது வருஷத்தில், வீட்டுக்குள்ளே வந்து தொந்தரவு கொடுக்காத கட்சி இதுதான்" என்று ஊரெல்லாம் மெச்சினார்கள்.

தேர்தல் நாள் வந்தது. வாக்குச்சாவடியைக் கவனிக்கிற பொறுப்பு கூட்டணிக்குக் கிடைத்தது. மகுடபதி தாராளமாகக் கொடுத்துவிட்டார். அவருடைய நாற்பது ஆட்களும் உள்ளே நின்று, யார் எந்தச் சின்னத்தில் குத்துகிறார்கள் என்று பார்க்கப்போகிறார்கள். பிறகு யார் கவனித்தால் என்ன?

வடிவழகி கடிதத்தை விரித்தாள். "ரகசியமா இருக்கணுமாம். அப்படின்னா யாருமே பார்க்கக் கூடாது."

"ஓட்டுப் போடுறவன் பார்க்கலாமா?" என்று கேட்டார் சூசை.

மரைக்காயர் தாடியை நீவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "அவனுக்குத் தெரிஞ்சா அவன் பொண்டாட்டிக்குத் தெரியும். பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். ரகசியம் போச்சு. அவன் கண்ணையும் கட்டு."

மூன்று கட்சியின் கொடிகளையும் கிழித்து, சாவடிக்குள் நின்ற அத்தனை பேர் கண்ணையும் கட்டினார்கள். தடியர்கள் நாற்பது பேருக்கும் கட்டினார்கள். கடைசியில் தங்கள் கண்ணையும் கட்டிக்கொண்டார்கள். ஓட்டுப் போட வந்த சனங்கள் துணியை மூக்குவரை இறக்கிப் பார்த்தார்கள். தடியனுக்குக் கண் இல்லை, காவலுக்கும் கண் இல்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக, பிடித்த இடத்தில் நிம்மதியாக ஒரு குத்துக் குத்திவிட்டுப் போனார்கள்.

சபையில் மூன்றே இடம். மூன்றும் கூட்டணிக்கு. மகுடபதிக்கு விழுந்தது ஒரே ஓட்டு; அவரும் அவருடைய நாற்பது பேரும் கட்டை அவிழ்க்காமலே குத்தி, குறி தவறியிருந்தார்கள்.

"அந்தப் பாவி யாரு?" என்று பல்லைக் கடித்தாள் வடிவழகி.

"நான்தாம்மா" என்றார் மரைக்காயர். "எதிரியின் கருத்தையும் மதிக்கணும்னு போட்டிருக்கே. அவர் கருத்து, அவருக்கே ஓட்டுப் போடணுங்கிறது."

வடிவழகிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "என் மகராசன் வீட்டுக்கு வரப்போறான்!" என்று கண்ணீரும் சிரிப்புமாக சபைச் சுவரில் மாட்டியிருந்த லாக்கப் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சூசை குறுக்கே வந்து நின்றார்.

"அவசரப்படாதே தாயி. கைதியை வெளியே விடுறதுக்குச் சபையில தீர்மானம் போடணும். சபையில எதிர்க்கட்சி எங்கே?"

வடிவழகி அப்படியே நின்றாள். எதிர்வரிசை காலியாகக் கிடந்தது. எதிர்க்கட்சி இல்லாத சபை ஜனநாயகம் ஆகாது. இத்தனை பாடுபட்டு ஜனநாயகத்தைக் கொன்றுவிட்டோமே என்று மரைக்காயர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"யாராவது ஒருத்தர் எதிர்வரிசைக்குப் போங்களேன்" என்று கெஞ்சினாள் வடிவழகி.

"ஒருத்தர் எப்படிப் போக முடியும்? எதையும் மூணு பேரும் சேர்ந்துதானே செய்யணும்?" என்றார் சூசை.

அதுவும் நியாயம்தான். மூன்று பேரும் எழுந்து எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் ஆளும் வரிசை காலியாக இருப்பது கண்ணில் பட்டது.

மகுடபதி அந்நேரம் மூட்டை முடிச்சோடு படகில் ஏறிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

"அய்யா, நான் தோத்துட்டேன்யா! என்னை விடுங்கய்யா!" என்று கத்தினார்.

"ஒரு ஓட்டு வாங்கியிருக்கீங்க. மக்கள் தீர்ப்பை மதிக்கணும்" என்று மரைக்காயர் அவரை நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தார்.

மகுடபதி மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டார். இவர்களிடமிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது. "உங்களுக்கு என்னதான் வேணும்? அந்தக் கொட்டாவிக்காரன்தானே? இதோ, நானே தீர்மானம் கொண்டுவரேன். சுடலைமுத்துவை இப்பவே விடுதலை பண்ணணும். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க!" என்று முதலில் தானே கையைத் தூக்கினார்.

வடிவழகியின் கை தன்னையறியாமல் பாதி எழும்பியது. சூசை அதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"என்ன தாயி இது? நாம எதிர்க்கட்சி. அவர் கொண்டுவந்த தீர்மானத்தை நாமே ஆதரிச்சா, சபையில எதிர்க்கிறதுக்கு யாரு இருக்கா?"

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஏழு மாதம். ஆனால் ஜனநாயகம் என்றால் ஜனநாயகம்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, எதிர்ப்பவர்கள் முறை வந்தபோது கையை உயரத் தூக்கினாள். மூன்றுக்கு ஒன்று. தீர்மானம் தோற்றது. மகுடபதி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

சாயங்காலம் வடிவழகி சோற்றுத் தூக்கோடு லாக்கப்புக்குப் போனாள். சுடலைமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"என்ன புள்ள ஆச்சு? நம்ம கட்சி ஜெயிச்சுதா?"

"எல்லா இடமும் நமக்குத்தான்யா" என்று விம்மினாள். "அந்த ஆளு உன்னை வெளியே விடப் பார்த்தாரு. நாங்க சேர்ந்து நின்னு தோற்கடிச்சுட்டோம்."

"பார்த்தியா, அவர் திமிரை!" என்று சுடலைமுத்து உள்ளிருந்து தொடையைத் தட்டினான். "ஒருவேளை மறுபடியும் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தா ஒரு ஓட்டும் சிந்தாம நில்லுங்க புள்ள. என்னைப் பத்திக் கவலைப்படாதே, நான் எங்கேயும் போயிட மாட்டேன்."