எரியாத போர்டு

கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் கன்ட்ரோலர் செய்கிற பட்டறை ஒன்று. அங்கே சால்டரிங் வேலை பார்த்த மரகதத்தின் மேசையில் ஒன்பதாவது டிரான்சிஸ்டரும் புகைந்துபோனது.

"இதோட கேட் பின், அதான் இதை ஆன் பண்ற கால், இருபது வோல்ட்டுக்கு மேல தாங்காதுங்க சார். நீங்க இருபத்துநாலு குடுக்கச் சொல்றீங்க," என்றாள், ஒன்பதாவது முறையாக.

தலைமை எஞ்சினியர் சந்திரமௌலி சிரித்தார். "இது அறுபது வோல்ட் டிரான்சிஸ்டர்மா!"

"அந்த அறுபது மோட்டார் பக்கத்துக்குங்க. தோள் தாங்குற மூட்டையைக் கண்ணு தாங்குமா?"

அவருக்குச் சுருக்கென்றது. "நான் போட்ட சர்க்யூட் படத்துல ஒரு கோடு மாறக் கூடாது, போர்டும் எரியக் கூடாது. மத்தியானம் மேடம் வர்றப்ப மேசையில இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

மத்தியானம் முதலாளியம்மா ருக்குமணி வந்தபோது போர்டு மேசையில் பளபளத்தது. சந்திரமௌலி படத்தோடு ஒப்பிட்டார். ஒரு கோடு மாறவில்லை.

"பாத்தீங்களா மேடம், இப்ப எரியலையே! இத்தனை நாளும் இவ கவனக்குறைவுதான்."

"எரியாதுங்க சார். இன்னும் சுவிட்சே போடலீங்களே," என்றாள் மரகதம். "அந்தப் படத்துக்கு எரியாம இருக்க வேற வழி இல்லீங்க."

முதலாளியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீங்களே போடுங்க சார்."

போட்டார். பட்டென்று வெடித்து அவர் மூக்குக்கண்ணாடியெல்லாம் புகை.

மரகதம் இழுப்பறையிலிருந்து இன்னொரு போர்டை எடுத்து மாட்டினாள். கேட் பின்னுக்குப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகாதபடி அதில் ஒரு ரெசிஸ்டரும் சீனர் டையோடும் சேர்த்திருந்தாள். மோட்டார் அலுங்காமல் சுற்றியது.

முதலாளியம்மா படத்தை மரகதத்திடம் தள்ளினார். சந்திரமௌலிதான் பேனாவை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.