முற்றத்துப் புல்லுக்கு மருந்து

எந்தக் காலம், எந்தத் திசை என்று கேட்காதீர்கள். ராசாக்கள் யானைமேல் போன காலம், வெண்பாறை என்றொரு நாடு. இவ்வளவு தெரிந்தால் போதும், கதை நடந்துவிடும்.

அந்த நாட்டை ஆண்டவர் பெயர் தரணிகொண்டான். கொஞ்சம் பெரிய பெயர்தான். வைத்தது அவருடைய அப்பா. அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்.

அப்பா ராசா காலத்தில் அரண்மனை முற்றம் வெறும் மண் தரையாக இருந்தது. விடிந்ததும் கோட்டைக் கதவு திறக்கும். குறை உள்ளவர்கள் சேற்றுக் காலோடு உள்ளே வருவார்கள். நிற்பார்கள், அழுவார்கள், ஒருவரை ஒருவர் ஏசுவார்கள். ராசா கேட்பார், ஏதாவது செய்வார். அவர்கள் போவார்கள்.

மகனுக்கு இந்தச் சேறும் பிடிக்கவில்லை, சத்தமும் பிடிக்கவில்லை. முடி சூட்டிக்கொண்டதும் முதல் வேலையாக முற்றம் முழுக்க வெள்ளைக் கல் பாவச் சொன்னார்.

கல் பாவியவன் பெரியாண்டி என்ற கல்தச்சன். கூட வேலை செய்தவள் அவன் மனைவி சிலம்பாயி. அவன் கல்லைச் செதுக்கிப் படுக்க வைப்பான். அவள் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நகக்கண் அளவு இடம் விட்டு, சலித்த மணலை நிரப்புவாள். மூன்று வருஷம் வேலை நடந்தது. முடிந்தபோது முற்றம் பாலைக் கொட்டிப் பரப்பினதுபோல இருந்தது.

மறுநாள் ஒரு குடியானவர் மடை உடைந்துபோன குறையைச் சொல்ல வந்தார். வயலிலிருந்து நேராக வந்தவர். வெள்ளைக் கல்லில் அவருடைய பத்து விரலும் பதிந்தன. ராசா அந்தத் தடத்தை வெகு நேரம் பார்த்தார். மடை என்ன ஆயிற்று என்று கேட்க மறந்துவிட்டார். கோட்டைக் கதவைச் சாத்தச் சொன்னது மட்டும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து குடிகளோ படைவீரர்களோ முற்றத்தில் கால் வைக்கக் கூடாது என்று ஆணை. குறை உள்ளவர்கள் வாயில் காவலனிடம் சொல்ல வேண்டும். அவன் மணியக்காரரிடம் சொல்வான். மணியக்காரர் மந்திரியிடம் சொல்வார். மந்திரி நேரம் பார்த்து ராசாவிடம் சொல்வார். வாசலில் 'பசி' என்று புறப்பட்ட சொல் ராசாவின் காதுக்குப் போய்ச் சேரும்போது 'நலம்' என்று மாறியிருக்கும். நாடு இவ்வளவு நலமாக இருப்பதைக் கேட்டு ராசாவுக்கே ஆச்சரியம்.

அந்த வருஷம் நல்ல மழை. மழை விட்ட ஏழாம் நாள், கல்லிடுக்கில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. பத்தாம் நாள் நூறு கோடு. ஒரு மாதத்தில் அருகு, கோரை, குப்பைமேனி, நெருஞ்சி எல்லாம் குடி வந்துவிட்டன. கதவு சாத்தியிருந்தது அவற்றுக்குத் தெரியாது போலும்.

ராசா பெரியாண்டியை அழைத்து, ஏன் இடைவெளி விட்டாய் என்று கேட்டார். இடைவெளி இல்லாவிட்டால் வெயிலில் கல் புடைத்து வெடிக்கும் என்று அவன் சொன்னான். ராசா கேட்ட கேள்விக்கு அது பதில்தான். ஆனால் ராசா எதிர்பார்த்த பதில் வேறு. பெரியாண்டியைச் சிறையில் போட்டார்கள். புல் ஒழிகிற வரை அவன் வெளியே வர முடியாது.

சிலம்பாயி தினமும் கோட்டை வாசலுக்கு வந்தாள். வாயில் காவலனிடம் சொன்னாள். அவள் குறையும் மற்றவர்கள் குறையோடு சேர்ந்து நலமாகிவிட்டது.

உள்ளே புல்லுக்கு வைத்தியம் நடந்தது.

முதலில் அரண்மனை வைத்தியர் வந்தார். உப்புப் போட்டால் புல் கருகும் என்றார். கடலோரத்திலிருந்து எழுபது வண்டி உப்பு வந்தது. போட்டார்கள். புல் கருகியது. ராசா வைத்தியருக்குப் பட்டாடை போர்த்தினார். அடுத்த மழையில் உப்பெல்லாம் கரைந்து அரண்மனைக் கிணற்றுக்குள் போயிற்று. ராணியின் மல்லிகைத் தோட்டம் பட்டுப்போனது. புல் குளித்துவிட்டு எழுந்ததுபோல் மறுபடி வந்தது.

அடுத்து சேனாதிபதி வந்தார். பகையை வேரோடு எரிப்பதே முறை என்றார். முற்றம் முழுக்க வைக்கோலைப் பரப்பித் தீ வைத்தார்கள். புல் எரிந்தது. சேனாதிபதிக்கும் பட்டாடை. ஆனால் சூட்டில் கல்லும் வெடித்தது. ஒரு கல் இரண்டானது. இடுக்கும் இரண்டு மடங்கானது. புல்லுக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

மூன்றாவதாக ஆஸ்தான புலவர் வந்தார். அவர் உப்பும் கேட்கவில்லை, நெருப்பும் கேட்கவில்லை. மகாராசா அதைப் புல் என்று அழைப்பதுதான் பிசகு, வெள்ளிப் பாளத்தில் மரகதம் பதித்தது என்று அழைக்க வேண்டும் என்று நூறு பாட்டுப் பாடினார். ராசாவுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. இருந்த வைத்தியங்களில் இதுதான் மலிவு. அன்று முதல் அரண்மனையில் யாரும் புல் என்று சொல்வதில்லை.

பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் வந்தார். அவரை முற்றத்தில் நிறுத்தி மரகதப் பதிப்பைக் காட்டினார்கள். தூதரும் தலையை ஆட்டிப் பாராட்டினார். அவருடைய குதிரை மட்டும் தலையைத் தாழ்த்தி மரகதத்தை மேய்ந்துகொண்டிருந்தது.

தூதர் பணிவாகச் சொன்னார்: "எங்கள் நாடு ஏழை நாடு. குதிரைக்குக் கொள்ளுதான் போடுவோம்."

அவர் போனபிறகு மூன்று நாள் ராசா சாப்பிடவில்லை. நான்காம் நாள் சாப்பிட்டார், சாப்பிட்டு முடித்ததும் ஓர் ஆணை இட்டார். வருகிற அமாவாசைக்குள் புல் ஒழியாவிட்டால், இடைவெளி விட்ட கல்தச்சனின் இரண்டு கையையும் வெட்ட வேண்டும்.

அமாவாசைக்குப் பதினொரு நாள் இருந்தது.

மந்திரி பயந்துபோய் நாற்பது பெண்களைக் கையால் புல் பிடுங்கக் கூட்டி வந்தார். அந்த நாற்பதில் ஒருத்தியாக சிலம்பாயியும் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அவர்கள் கிழக்கே தொடங்கி மேற்கே போய்ச் சேருவதற்குள் கிழக்கே மறுபடி முளைத்திருக்கும். சிலம்பாயிக்கு விரல்நுனி எல்லாம் கிழிந்து ரத்தம் வந்தது. அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் புருஷன் கை நினைவுக்கு வந்தது. உளி பிடித்துக் காய்த்துப்போன கை. அது இல்லாமல் அவன் எப்படி இருப்பான் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான்காம் நாள் அவள் ஒன்றைக் கவனித்தாள். முற்றத்தின் தெற்கு ஓரம், சமையல்கட்டிலிருந்து நெல் களஞ்சியம் வரைக்கும் நீளமாக ஒரு பாதை. அதில் மட்டும் புல் இல்லை. அதே கல், அதே இடுக்கு, அவள் கையால் நிரப்பின அதே மணல். சமையல்காரர்கள் மட்டும் அதில் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைச் சொல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தாள். கோட்டைக் கதவைச் சாத்தச் சொன்னது ராசா. சாத்தியது தப்பு என்று ராசாவிடம் சொன்னால், வெட்டுவதற்குக் கையோடு தலையும் கிடைக்கும் அல்லவா?

அதற்கு மறுநாள் காலையில் ராசா மண்டபத்துக்கு வந்து புல்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். சிலம்பாயி எழுந்து கும்பிட்டாள்.

"மகாராசா, இதற்கு மருந்து உண்டு. அரண்மனைக்குள் இல்லை, கோட்டைக்கு வெளியே இருக்கிறது."

என்ன மூலிகை என்று வைத்தியர் கேட்டார்.

"மூலிகை இல்லை சாமி, பாதம். மனசிலே குறை உள்ளவர்களுடைய பாதம். நிம்மதியாக இருக்கிறவன் மெல்ல நடப்பான். குறை உள்ளவன் நடந்தால் பூமி அதிரும். அவன் மிதித்த இடத்தில் புல் தலைதூக்காது."

படைவீரர்கள் நடந்தால் ஆகாதா என்று ராசா கேட்டார்.

"அவர்கள் மகாராசாவின் நிழலில் இருக்கிறவர்கள். அவர்களுக்கு என்ன குறை?" என்றாள் சிலம்பாயி. இதை மறுத்துப் பேச ராசாவுக்கு வழி இல்லை. சேனாதிபதிக்கும் வழி இல்லை.

"இன்னும் ஒரு பத்தியமும் உண்டு. வந்தவன் குறையை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். இறக்காமல் திரும்பினால் மிதிபட்ட புல் மறுநாளே எழுந்துவிடும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் பார்க்கலாம். அதுவரைக்கும் கல்தச்சனின் கை இருக்கட்டும். மருந்து பலிக்கவில்லை என்றால் என் கையையும் சேர்த்து வெட்டிக்கொள்ளுங்கள்."

உப்பு, நெருப்பு, பாட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்ட ராசா, பாதத்தையும் பார்த்துவிடலாம் என்று தீர்மானித்தார். கதவு திறந்தது.

முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர், இது ஏதோ சூழ்ச்சி என்று பயந்து பாதியில் திரும்பினார்கள். இரண்டாம் நாள் முப்பது பேர். பத்தாம் நாள் வரிசை ஆற்றங்கரை வரை போயிற்று.

ராசா மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. காலை மட்டும் பார்த்தார். யானைப் பாகர்கள் களிமண் குழியைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஒரு குயவர் சொன்னார். சரி, குழியைத் திருப்பிக் கொடுங்கள், அவர் அந்த வடக்கு மூலை வழியாகப் போகட்டும் என்றார் ராசா. அங்கே கோரை அதிகம். மடை உடைந்த குடியானவர் இரண்டாம் முறை வந்தார். மடையைக் கட்ட ஆள் அனுப்புங்கள், அவர் நெருஞ்சிப் பக்கம் போகட்டும் என்றார். நாட்டில் நீதி இப்படி மூலை மூலையாக வழங்கப்பட்டது.

ஒருநாள் ஒரு நெசவாளி வந்தார். அவர் நடந்த சுவடே தெரியவில்லை, புல் வளைந்துகூடக் கொடுக்கவில்லை. ராசா திடுக்கிட்டு, இவருக்குக் குறை இல்லையா, ஏன் கால் இவ்வளவு இலேசாக விழுகிறது என்று கேட்டார். குறை இருக்கிறது, சாப்பிட்டு இரண்டு நாள் ஆகிறது என்று நெசவாளி சொன்னார். ராசாவுக்குக் கவலை வந்துவிட்டது. இப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டு புல்லை எப்படி அழிப்பது? அன்று முதல் வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் சோறு போட்டு, பிறகுதான் நடக்க விட்டார்கள்.

நாற்பதாம் நாள் முற்றம் வெள்ளையாகிவிட்டது. வெள்ளை என்றால் பழைய வெள்ளை இல்லை, மண் படிந்த வெள்ளை. ராசா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முற்றத்து ஓரத்தில் இருந்த சிறைக் கதவின் முன்னால் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் புல் மீந்திருந்தது. வரிசை அந்தப் பக்கம் போகாது. கடைசி நாள் அதைக் காட்டி, இதை மிதிக்க இவ்வளவு பெரிய குறை உள்ள கால் யாரிடம் இருக்கிறது என்று ராசா கேட்டார்.

"உள்ளே ஒருவர் இருக்கிறார், மகாராசா," என்றாள் சிலம்பாயி.

பெரியாண்டி வெளியே வந்தான். எட்டு மாதம் வெயில் படாத உடம்பு, கால் தள்ளாடியது. புல்லின் மேல் நின்று, தான் சொல்ல வந்த குறையைச் சொன்னான். அப்போதும் அவன் சொன்னது கல்லைப் பற்றித்தான். தீயில் வெடித்த கல்லையெல்லாம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் யார் காலையாவது கிழித்துவிடும் என்றான். ராசா அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி ஒருவன் முகத்தைப் பார்த்தார். பிறகு, அவனை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வழியில் பெரியாண்டி கேட்டான்: "குறை உள்ளவன் காலுக்கு மட்டும் அப்படி ஒரு சக்தி உண்டா என்ன?"

"கால் எல்லாம் ஒன்றுதான்."

"பிறகு ஏன் அப்படிச் சொன்னாய்?"

"வெறும் கால் போதும் என்று சொல்லியிருந்தால் பட்டாளத்தை நடக்கவிட்டிருப்பார். கதவு திறந்திருக்காது. நீங்கள் உள்ளேயே இருந்திருப்பீர்கள்." சொல்லிவிட்டு அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்படியே வீடு வரைக்கும் நடந்தார்கள்.

அரண்மனையில் தரணிகொண்டான் பெயரால் ஒரு கல்வெட்டு வைத்தார்கள். புல்லை வென்றவர் என்று அதில் பொறித்தார்கள். வைத்தியர் பாத மருத்துவத்தைப் பற்றி ஓர் ஏடு எழுதினார். சிலம்பாயியின் பெயர் இரண்டிலும் இல்லை.

ஐந்தாறு வருஷம் போயிற்று. மடைகள் சரியாயின, குழிகள் திரும்பக் கிடைத்தன, பசித்தவர்கள் சாப்பிட்டார்கள். குறை சொல்ல வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஒருநாள் யாருமே வரவில்லை. அதன் மறுவாரம் வடக்கு மூலையில் ஒரு கோரை எட்டிப் பார்த்தது.

ராசா நடுங்கிப்போனார். நாடெங்கும் பறை அறைந்து சொல்லச் சொன்னார். குறை உள்ளவர்கள் உடனே அரண்மனைக்கு வர வேண்டும், குறை இல்லாதவர்கள் நன்றாக யோசித்துப் பார்த்து ஏதாவது ஒரு குறையோடு வர வேண்டும், சோறு உண்டு. ராசா படுகிற பாட்டைப் பார்த்து மக்களுக்கு இரக்கமாக இருந்தது. கொசு அதிகம், கறி விலை அதிகம், மாமியார் பேச்சு அதிகம் என்று எதையோ பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ராசா எல்லாவற்றையும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். அவரைப்போல நல்ல ராசா எங்கும் இல்லை என்று பக்கத்து நாட்டில்கூடப் பேசிக்கொண்டார்கள். கடைசி வரைக்கும் அவர் புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்களே, பிள்ளைகளே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: குடிகள் கால் வைக்காதபடி ஆளுகிறவன் வாசலைச் சாத்தினால், அந்த வாசலில் புல்தான் வளரும்.