சிலுவைக்கு மீன் எண்ணெய்

“ஆண்டகையே, நான் இந்த ஊரை விட்டுப் போறேன். உங்க படகிலேயே என்னையும் ஏத்திக்கிட்டுப் போயிடுங்க.”

ஆயர் ஆல்ட்வின் இன்னும் படகை விட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு கால் படகில், ஒரு கால் சேற்றில். அதற்குள் கெரோல்டு சாமி ஆரம்பித்துவிட்டார்.

“முதல்ல கையைக் கொடுங்க, சாமி. விழுந்துடப் போறேன்.”

கெரோல்டு கையை நீட்டினார். ஆயர் பிடித்துக்கொண்டு கரையேறினார். பிடித்த கையை ஒரு தரம் புரட்டிப் பார்த்தார்.

“ஆண்டவருக்கு நன்றி,” என்றார்.

“எதுக்கு?”

“விழாம வந்து சேர்ந்தேனே, அதுக்கு.”

இந்த ஆல்ட்வினைப் பிற்காலத்தில் புனிதர் என்று பீடத்தில் ஏற்றிவிட்டார்கள். வடகடல் ஓரத்துச் சதுப்பு நிலமெல்லாம் படகிலேயே சுற்றி வேதம் சொன்னவர். புயலை அடக்கினார், ஊமையைப் பேசவைத்தார் என்று ஆளுக்கொரு அற்புதம் சொல்வார்கள். சொல்லட்டும், யார் வேண்டாம் என்றது? நான் சொல்லப்போகிற கதையில் அற்புதம் கிடையாது. மீன் நாற்றம்தான் உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கேளுங்கள்.

கெரோல்டு ஆயரின் சீடர். ஆனால் ஆயரைவிட வயதில் மூத்தவர். குள்ளமான உருவம், கொஞ்சம் தொப்பை, மூக்கு நுனியில் கோபம். அவரைக் கடல் தாண்டி அழைத்து வந்து இந்த மீனவர் ஊரில் விட்டுப்போனவர் ஆயர்தான். கடல் ஏறினால் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும் ஊர் அது. மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். வருஷா வருஷம் பாஸ்கா என்கிற உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின நாள் ஆயர் படகில் வருவார். மற்றபடி கெரோல்டுக்குக் கடற்காற்றுதான் துணை.

“சரி, என்ன நடந்துச்சு?”

“வாங்க, காட்டுறேன். வாயால சொன்னா நம்ப மாட்டீங்க.”

மேட்டின் விளிம்பில், கடலைப் பார்த்தபடி, ஒரு பெரிய மரச்சிலுவை நின்றது. கெரோல்டு தன் கையாலேயே செதுக்கி நட்டது. அதன் அடியில் இரண்டு நாய்கள் நின்று ரசித்து ரசித்து நக்கிக்கொண்டிருந்தன.

“சூ! போ! போங்கறேன்ல!”

நாய்கள் நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தன. இவர் எப்படியும் போய்விடுவார் என்று அவற்றுக்குத் தெரியும்.

“பாத்தீங்களா? மீன் எண்ணெய்! சிலுவைக்கு ஒருத்தி மீன் எண்ணெய் பூசறா, ஆண்டகையே. நானும் சாம்பல் நீரும் மணலும் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறேன். மறுநாள் பார்த்தா திரும்பப் பளபளன்னு நிக்குது.”

ஆயர் அண்ணாந்து பார்த்தார். கெரோல்டின் கை எட்டிய உயரம் வரைக்கும் மரம் வெளுத்துக் கிடந்தது. அதற்கு மேலே கருகருவென்று மின்னியது.

“மேல கழுவலையா?”

“எட்டல,” என்றார் கெரோல்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“யாரு பூசறது?”

“தெட்டா. இந்த வருஷம் ஞானஸ்நானத்துக்குத் தயாரானவளே அவ ஒருத்திதான். அவளே இப்படி! பழைய சாமிக்குப் படைச்ச புத்தி எங்க போகும்? நாளைக்கு அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது, ஆண்டகையே. கொடுத்தா அது பாவம்.”

“இதுக்காகவா ஊரை விட்டுப் போறீங்க?”

கெரோல்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இது மட்டும் இல்ல. இத்தனை வருஷத்துல இந்த ஊர்ல ஒருத்தர்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அக்கரைச் சாமி, அக்கரைச் சாமி! இன்னிக்கு வரைக்கும் நான் அக்கரைக்காரன்தான். கல்யாணமா, சாவா, போனா ஓரமா நிக்க வேண்டியது. நான் இவங்களுக்கு யாருமே இல்ல. என்னால முடியல, ஆண்டகையே. ஊருக்குப் போறேன்.”

ஆயர் தலையாட்டினார்.

“படகுல இடம் இருக்கு,” என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தெட்டாவே வந்து சேர்ந்தாள். நல்ல உயரமான பெண். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். இடுப்பில் ஒரு சட்டி. சட்டியிலிருந்து வந்த வாடைக்கு நாய்கள் எழுந்து நின்றன.

“ஆண்டவருக்கு நன்றி, நாங்களே கூப்பிட இருந்தோம்,” என்றார் ஆயர். “சட்டியில என்னம்மா?”

“மீன் எண்ணெய், சாமி. சிலுவைக்கு.”

ஒளிவு மறைவே இல்லை. கெரோல்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயர் அவர் தோளில் கை வைத்தார்.

“உங்க பழைய சாமிக்கும் இப்படித்தான் பூசுவீங்களா?”

தெட்டா சிரித்துவிட்டாள்.

“அந்தச் சாமிக்கா? அதுக்கு எதுக்கு எண்ணெய்? அதுக்குக் கோழி ரத்தம். தூரத்துல நின்னு தெளிச்சுட்டு ஓடி வந்துடுவோம். கிட்டப் போகவே பயம்.”

“அப்போ எண்ணெய் எதுக்குப் பூசுவீங்க?”

“படகுக்கு. கடலுக்குப் போறதுக்கு முன்னாடி அணியத்துல, அதான் படகோட மூக்குல, பூசணும். நல்லா உள்ளங்கையால. துணியால பூசினா ஆகாது. அதுவும் அவங்கவங்க வீட்டுப் படகுக்குத்தான் பூசணும். அடுத்த வீட்டுப் படகைத் தொட்டா கை முறிஞ்சுடும்.”

“இது படகு இல்லையே?”

“இல்லதான். ஆனா எங்க வீட்டுது.”

“உங்க வீட்டுதா! நான் செஞ்ச சிலுவை!” என்று கத்தினார் கெரோல்டு.

“அதனாலதான் சாமி.”

கெரோல்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெட்டா ஆயரைப் பார்த்துச் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரரு போன படகு திரும்பி வரல. கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கடல் எடுத்த வீட்டுக்குள்ள யாரும் வர மாட்டாங்க, எங்க ஊர் வழக்கம். கடலோட கண்ணு அவங்க மேலயும் பட்டுடும்னு. வழக்கம் தெரியாம இந்தச் சாமி கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துட்டாரு. அப்போ எங்க பாஷை ஒரு வார்த்தை வராது இவருக்கு. அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்து ஓன்னு அழுதாரு. விடியிற வரைக்கும் அழுதாரு. என் வீட்டுல உட்கார்ந்து அழுதவரு, என் வீட்டு ஆளு இல்லையா? அவர் நட்ட மரம் மழையிலயும் உப்புக் காத்துலயும் நிக்குது. எப்படிப் பூசாம விடறது?”

கெரோல்டின் முகம் சிவந்துவிட்டது. அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வந்து இறங்கிய புதிது. குளிர் தாங்காமல், புகை வந்த முதல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். பெற்ற தாயின் நினைவு வந்தது, ஊர் நினைவு வந்தது, போதாக்குறைக்குப் பசி. அழுதது அதற்காகத்தான். பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“தெட்டா, நான் உனக்காக அழல. எனக்காகத்தான் அழுதேன்.”

“தெரியும் சாமி. நான் மட்டும் உங்களுக்காகவா அழுதேன்? எனக்காகத்தான். ஆனா ஒண்ணா உட்கார்ந்து அழுதோம்ல?”



ஆயர் மெல்ல, “சாமி, கையைக் காட்டுங்க,” என்றார்.

கெரோல்டு கையைப் பின்னால் மறைத்தார். ஆயர் விடவில்லை. இழுத்துத் தெட்டாவின் முன்னால் விரித்தார். சாம்பல் நீரில் ஊறி ஊறி, குளிரில் வெடித்து, உள்ளங்கை இரண்டும் பாளம் பாளமாகப் பிளந்து ரத்தம் கசிந்தது.

“ஐயையோ!” தெட்டா சட்டியைத் தொப்பென்று கீழே வைத்தாள். “என்ன சாமி இது! இப்படிக் கையை வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்? கொடுங்க இங்க!”

சட்டிக்குள் கையை விட்டாள். எண்ணெயை வழித்தெடுத்தாள். தன் உள்ளங்கையால் அவர் உள்ளங்கையில் அழுத்திப் பூசினாள். ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு வெடிப்பாக, திட்டிக்கொண்டே பூசினாள்.

கெரோல்டு கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. துடைக்கவும் வழியில்லை, கை இரண்டும் அவளிடம் இருந்தன.

“நன்றி, தெட்டா,” என்றார். அந்த ஊர் பாஷையில் அந்த வார்த்தையை அவர் யாருக்கும் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இன்னொரு தரம் சொன்னார். “நன்றிம்மா.”

அவள் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு சிலுவையின் பக்கம் போய், வெளுத்துக் கிடந்த இடத்தைப் பூச ஆரம்பித்தாள். நாய்கள் வாலை ஆட்டின.

“நாளைக்கு இவளுக்கு யாரு ஞானஸ்நானம் கொடுக்கிறது?” என்று கேட்டார் ஆயர்.

“நான்தான். வேற யாரு?”

“இந்தக் கையோடயா? நாறுமே, சாமி.”

“நாறட்டும்.”

ஆயர் கரையைத் திரும்பிப் பார்த்தார். படகு அலையில் ஆடிக்கொண்டிருந்தது.

“நாளைக்குப் பூசை முடிஞ்சதும் கிளம்பறேன். துடுப்புப் போட ஆள் குறையுது. வர்றீங்கதானே?”

கெரோல்டு தன் இரண்டு கைகளையும் ஆயரின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

“துடுப்பு எப்படிப் பிடிக்கிறது, ஆண்டகையே? வழுக்குது பாருங்க.”