பூட்டிய கதவை ஏலத்தில் எடுத்தவர்

வெண்குன்ற நாட்டில் ஓலை ஏலம் என்று ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர் வணிகர்கள் தம்மிடம் உள்ள பொருளைப் பற்றி ஓலையில் எழுதித் தலைநகருக்கு அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் அதை உரக்கப் படிப்பார்கள். பொருளைக் கண்ணால் பார்க்காமலே மக்கள் விலை கேட்பார்கள். பார்க்காததால் விலையும் நன்றாகவே ஏறும்.

பணத்தை அங்கேயே கட்டிவிட வேண்டும். பொருளை விற்றவர் அனுப்பிவைக்கலாம். அதற்கான வண்டிக்கூலி பொருளை வாங்கியவர் பொறுப்பு. இல்லாவிட்டால் வாங்கியவரே ஏழு நாளுக்குள் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டாம் நாள் பொருள் விற்றவருக்கே சொந்தம். பணமும்தான். இந்தக் கடைசி விதியை எழுதியவர் யாரென்று ஏடுகளில் குறிப்பு இல்லை. வணிகராக இருந்திருக்கலாம்.

உலகம்மை தலைநகரில் சமையல் வேலை செய்பவர். அந்த ஆண்டுத் தேர்த்திருவிழாவில் ஒன்பது நாளும் அன்னதானம் சமைக்கும் பொறுப்பு முதன்முறையாக அவருக்குக் கிடைத்திருந்தது. ஐந்நூறு பேருக்குச் சோறு பொங்க ஒரு பெரிய அண்டா வேண்டும். அது இல்லையென்றால் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாகக் கோயிலில் சொல்லிவிட்டார்கள். உலகம்மை வளையலை விற்று, மருதூர் வயிரவநாதரின் வெண்கல அண்டாவைப் பன்னிரண்டு பொன்னுக்கு ஏலத்தில் எடுத்தார்.

அண்டாவை அனுப்பிவைக்கக் கூலி நாற்பது பொன் என்று வயிரவநாதர் ஓலை அனுப்பினார். வண்டிக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, அண்டாவுக்கு வைக்கோல் சுற்ற இவ்வளவு, சுற்றுவதை மேற்பார்வை பார்க்க இவ்வளவு என்று விவரம் தெளிவாக இருந்தது. நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார் உலகம்மை. தாராளமாக வரலாம் என்று பதில் வந்தது.

போனார். வீடு பூட்டியிருந்தது. மறுநாளும் பூட்டியிருந்தது. மூன்றாம் நாள் விடியலிலேயே போய் வாசலில் உட்கார்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான் பரிதாபப்பட்டு விஷயத்தைச் சொன்னார். ஏலத்தில் எதை விற்றாலும் வயிரவநாதர் ஏழு நாள் மாமனார் வீட்டுக்குப் போய்விடுவாராம். எட்டாம் நாள் திரும்பி வந்து அதே பொருளுக்குப் புதிய ஓலை எழுதுவாராம்.

வழக்கு அரசர் பரிதிவேளிடம் வந்தது. வயிரவநாதர் பதற்றமே இல்லாமல் நின்றார்.

“வாங்கியவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் விதி, அரசே. விற்றவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?”

அரசர் விதியை மூன்று முறை படிக்கச் சொன்னார். மூன்று முறையும் எழுதியிருக்கவில்லை. உலகம்மைக்கு இன்னும் ஏழு நாள் தவணை கொடுப்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திருவிழாவுக்கு எட்டு நாள் இருந்தது.

கடைசியில் அமைச்சர் குழைக்காதர் உலகம்மையிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அந்த வீட்டுக் கதவு எப்படி இருக்கும்? மூன்று நாள் அதையே பார்த்திருந்தவர் அல்லவா, உலகம்மை கதவிலிருந்த தாமரைகளின் எண்ணிக்கை முதற்கொண்டு சொன்னார்.

சபை கலைந்ததும் குழைக்காதர் வயிரவநாதரைத் தனியே பிடித்தார். அப்படியொரு கதவைத் தாம் நெடுநாளாகத் தேடுவதாகச் சொன்னார். நிலையோடு சேர்த்து ஏலத்துக்கு வந்தால் முப்பது பொன் வரை கேட்பேன் என்றார். வயிரவநாதருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கதவும் போகப்போவதில்லை, பணமும் திரும்பப்போவதில்லை. அந்த வெள்ளிக்கிழமையே ஓலை வந்தது. குழைக்காதர் முப்பது பொன்னைக் கட்டினார். வயிரவநாதர் வழக்கம்போல் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மாமனார் வீட்டுக்குக் கிளம்பினார்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் பொருளை எடுப்பதுதான் கடினம். கதவையே எடுப்பது அவ்வளவு கடினமில்லை. தேர் வேலையிலிருந்து அரை நாளுக்கு இரண்டு தச்சர்களைக் கேட்டு வாங்கி, ஒரு கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு, குழைக்காதர் பட்டப்பகலில் மருதூர் போனார். நிலையும் கதவும் பூட்டியது பூட்டியபடியே வண்டியில் ஏறின. பின்னால் இன்னொரு வண்டியில் உலகம்மை வந்திருந்தார்.

மூன்றாம் நாள், செய்தி எட்டிய வயிரவநாதர் மாமனார் வீட்டிலிருந்து அரசரின் முன் வந்து, கொள்ளை என்றார். சபை நடுவே அவருடைய கதவு நிலையோடு நின்றது. இரண்டு காவலர்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வந்தேன், எடுத்துக்கொண்டேன்” என்றார் குழைக்காதர். “நீங்கள் வீட்டில் இல்லை. இருக்க வேண்டும் என்று விதியும் இல்லை.”

“கதவை எடுத்தது சரி, ஐயா. இந்த அம்மாள் என் வீட்டுக்குள் எப்படி நுழையலாம்?”

“வாசலில் நின்று கூப்பிட்டேனே” என்றார் உலகம்மை. “யாரும் வரவில்லை. கதவைத் தட்டலாம் என்று பார்த்தேன், கதவும் இல்லை. என் அண்டாவை மட்டும்தான் எடுத்தேன்.”

அடுத்து, பூட்டு ஏலத்தில் சேரவில்லை, அது வயிரவநாதருடையது, இப்போதே எடுத்துக்கொள்ளலாம் என்று குழைக்காதர் நினைவூட்டினார். வயிரவநாதர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, சபை நடுவே தம் வீட்டுக் கதவைத் திறந்தார். மறுபக்கம் அரசர் உட்கார்ந்திருந்தார்.

“இவருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம், குழைக்காதரே?” என்று அரசர் கேட்டார்.

“எதற்கு, அரசே? நாட்டிலுள்ள தச்சர் எல்லாம் தேர் வேலையில் இருக்கிறார்கள். திருவிழா முடிந்து புதுக் கதவு செய்ய இன்னும் ஒரு மாதம் ஆகும். வாசல் திறந்து கிடக்கும் வீட்டை விட்டு இவர் எங்கே போவார்? பொருள் வாங்கியவர்கள் இனி எந்த நேரத்திலும் போகலாம்.”

அரசர் சிரித்தார். சிரித்து முடித்துப் பார்த்தபோது வயிரவநாதர் சபையில் இல்லை. வீட்டு ஞாபகம் வந்து ஓடிவிட்டார். அரசர் கொடுத்த முத்துமாலையைக் குழைக்காதர் வாங்கிக்கொண்டார். கதவைத் தம் மாட்டுத் தொழுவத்துக்கு வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே, ஏழு நாள் கெடு இன்னும் தீராத ஒன்பது பேர் மருதூர் போய்த் தங்கள் பொருளை எடுத்து வந்தார்கள். திருவிழாவின் ஒன்பது நாளும் உலகம்மையின் சமையலைச் சுற்று வட்டாரமே வந்து சாப்பிட்டது. வயிரவநாதர் மட்டும் வரவில்லை. வீட்டில் இருந்தார்.