நண்டு சொன்ன ‘போதும்’

அந்தக் காலத்தில், நெல்லும் நண்டும் மனிதரோடு மல்லுக்கு நின்று பேசிய காலத்தில், நண்டுக்குத் தலை இருந்தது. கழுத்தும் வாயுமாக நிமிர்ந்து நிற்கும் நல்ல தலை. அந்த வாயால் அது சொல்லும் ஒரே ஒரு சொல்லுக்கு ஊர் முழுக்கக் கட்டுப்பட்டுக் கிடந்தது. ‘போதும்’ என்பதுதான் அந்தச் சொல்.

மலையடிவாரத்தில் ஒரு குளம். அதன் மடையிலிருந்து வயல்கள் படிப்படியாகக் கீழே இறங்கின. முதல் வயல், அதாவது தலைமடை, ஆவுடையப்பப் பண்ணையாருடையது. எல்லாருக்கும் கீழே கடைமடையில் பேராச்சி என்பவளின் துண்டு வயல். புருஷன் இல்லாமல், பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனி ஆளாகப் பாடுபடுகிறவள்.

தண்ணீர் பாயும்போது நண்டு வயலுக்குள் இறங்கி நிற்கும். காலின் இரண்டாவது கணு நனைந்ததும் “போதும்!” என்று குரல் கொடுக்கும். உடனே மடைக்காரர் வரப்பை வெட்டி அடுத்த வயலுக்கு விட்டுவிட வேண்டும். நின்ற தண்ணீர் வற்றி, மண் மயிரிழையாக வெடித்த பிறகுதான் மறுபாய்ச்சல். கதிர் வரும் நாளில் மட்டும் வெடிக்க விடாது. நெல்லுக்கு எப்போது எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் அதன் காலுக்குத் தெரியும். பண்ணையாருக்குத்தான் அது தெரியாது. வயலில் தண்ணீர் தளும்பி நிற்பதுதான் கௌரவம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. வரப்பில் நின்று, தண்ணீரில் தெரியும் தன் மீசையைப் பார்த்துக்கொள்வதில் அப்படி ஓர் ஆனந்தம்.

மழை ஏமாற்றிய ஒரு வருஷம் குளம் பாதிதான் பெருகியது. பண்ணையாருக்குக் கௌரவக் கவலை வந்துவிட்டது. ஆள் வைத்துத் தன் வரப்பை இடுப்பளவுக்கு உயர்த்தினார். மடையைத் திறக்கச் சொன்னார். நண்டு இறங்கி நின்றது. கணு நனைந்தது.

“போதும்!” என்றது.

“யாருக்குப் போதும்? எனக்குப் போதலயே!” என்றார் பண்ணையார்.

“உமக்கா பாயுது? நெல்லுக்குல்லா பாயுது!”

மடைக்காரர் மண்வெட்டியோடு வரப்புக்கு வந்தார். பண்ணையார் ஒரு முறை முறைத்தார். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. நாலைந்து நாள் போனதும் நெல்லே வாய்விட்டுக் கதறியது.

“அய்யா, மூச்சு முட்டுது. வேரு அழுகுது!”

“சும்மா கெட! குடிக்கக் குடுத்தா வலிக்குதோ?”

நண்டுக்கு வயிறு எரிந்தது. இங்கே ஒரு பயிர் மூழ்கிச் சாகிறது, அங்கே ஒரு பயிர் காய்ந்து சாகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு மீசை நின்று அழகு பார்க்கிறது.

அன்றைக்கு உச்சிவெயிலில் பேராச்சி வரப்பு வரப்பாக ஏறி மேலே வந்தாள். கையில் தன் வயலில் ஒடித்த ஒரு கதிர். பண்ணையார் முன்னால் ஒரு மணியை நசுக்கிக் காட்டினாள். ஒரு சொட்டுப் பால் இல்லை.

“அய்யா, பால் பிடிக்க நேரம். இன்னைக்குப் பாயலன்னா அம்புட்டும் பதருதான். எம் புள்ளையளுக்கு உமியவா பொங்கிப் போடட்டும்?”

“கடைமடையில வயல் வச்சிருக்கது உன் தலையெழுத்து. அதுக்கு நான் என்ன செய்ய?”

நண்டு தண்ணீருக்கு மேலே ஏறி வந்து, வரப்பின் மேல் நின்றது. “போதும்! போதும்! போதும்!” என்று கத்திய கத்தலில் குளக்கரைக் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

பண்ணையாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மடைக்காரர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினார்.

“ஏ நண்டே! இப்பவே எங் கால்ல தலைய வச்சுக் குனிஞ்சு, ‘போதல, இன்னும் வேணும்’னு சொல்லு. இல்லன்னா அந்தத் தலை இருக்காது.”

நண்டுக்குப் பயம் இல்லாமல் இல்லை. குனிந்து ஒரு பொய் சொன்னால் தலை தப்பிவிடும். ஆனால் பேராச்சியின் கையில் அந்தக் கதிர் இன்னும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு பொய் வாயில் வரவில்லை.

“குனியதுக்குத்தான தலை கேக்கீரு?” என்றது. “குனியிற தலை எனக்கு எதுக்குவே? நீரும் வெட்ட வேண்டாம், நானும் குனிய வேண்டாம்!”

சொல்லிவிட்டு, ஒரே இழுப்பாகத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. கழுத்தும் காணோம், தலையும் காணோம். கண் இரண்டை மட்டும் வெளியே விட்டுவைத்தது. தண்ணீரை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே!

ஓங்கிய மண்வெட்டியோடு பண்ணையார் எதை வெட்டுவது என்று தெரியாமல் முழித்தார். அதற்குள் நண்டு கொடுக்கை மண்ணில் ஊன்றி, இடுப்பளவு வரப்பைக் குடையத் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் பீச்சிக்கொண்டு பாய்ந்தது தண்ணீர். பண்ணையார் ஓடி வந்து குதிகாலால் அடைத்தார். பக்கத்திலேயே இன்னொரு துளை திறந்தது. அதையும் அடைக்க உட்கார்ந்தார். மூன்றாவது துளையிலிருந்து வந்த சேறு முகத்திலேயே அடித்தது. மீசையா, சேறா என்று தெரியவில்லை. மடைக்காரர் மறுபக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

நண்டு நிற்கவில்லை. அடுத்த வரப்பு, அதற்கடுத்த வரப்பு என்று குடைந்துகொண்டே போனது. அதன் பின்னால் தண்ணீர் இறங்கியது. தண்ணீருக்குப் பின்னால் பேராச்சி ஓடினாள். பொழுது சாய்வதற்குள் கடைமடை நனைந்தது. வெடித்துக் கிடந்த மண் சத்தம் போட்டுக் குடித்தது.

பேராச்சி அழுதுகொண்டே நண்டைப் பார்த்தாள். நண்டின் வாய் உள்ளே போய்விட்டதே, இனி யார் சொல்வது? அவள் தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டாவது கணு நனைந்தது.

“போதும் தாயி, போதும்” என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லி, தன் கையாலேயே தன் வாய்க்காலை அடைத்தாள். மிச்சத் தண்ணீர் ஊர் ஆடுமாடு குடிக்கும் ஊருணிக்குப் போனது.

அவள் வயலில் அந்த வருஷம் பால் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் வடிந்ததால் பண்ணையாரின் நெல்லும் மூச்சுவிட்டுப் பிழைத்துக்கொண்டது. அதற்காக அவர் நன்றி சொல்வார் என்று நினைத்தீர்களா? சாகும்வரை நண்டைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார்.

அன்று முதல்தான் நண்டுக்குத் தலை இல்லை. எவர் முன்னாலும் அதனால் குனிய முடியாது. அன்று முதல்தான் தண்ணீர் தேங்கிய வயலின் வரப்பில் அது வளை தோண்டுகிறது. காலையில் நாம் திட்டிக்கொண்டே மண்ணை வைத்து அடைக்கிறோம். மறுநாள் பக்கத்திலேயே இன்னொரு வளை. கரையேறிய நண்டு குமிழ் குமிழாக நுரை விடுவதைப் பார்த்திருப்பீர்களே, உள்ளே போன அந்த வாய் நம்மைப் பார்த்து இன்னமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது: போதும், போதும்.