மஞ்சள் விமானத்தின் வலது பக்கம்

கோயமுத்தூரில் ஒரு குரு இருந்தார். தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. பெயர் சுகந்தி, வயது முப்பத்தாறு. பல் டாக்டர்களுக்குப் பல் செட் கட்டிக் கொடுக்கும் சின்ன லேப் ஒன்றை காந்திபுரத்தில் நடத்திவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதே மேஜையில், அதே கத்தியையும் உப்புத்தாளையும் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் உட்காரும் அளவுக்குச் சின்னச் சின்ன விமானங்கள் செய்வார்.

சீடர் சென்னியப்பனுக்கு வயது அறுபத்தொன்று. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டாக்டர் அனுப்பிப் பல் கட்ட வந்த மனிதர், அலமாரியில் இருந்த விமானங்களைப் பார்த்துவிட்டுப் பல்லை மறந்து நின்றார். அடுத்த ஞாயிறும் வந்தார். போகச் சொல்ல குருவுக்கு மனம் வரவில்லை, போக சீடருக்கும் மனம் வரவில்லை. இந்தக் காலத்தில் தீட்சை இப்படித்தான் நடக்கிறது.

கடையில் எல்லாப் பாகங்களும் ஒன்றாக வரும் கிட் வாங்கி, பெட்டியில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து ஒட்டுவது எல்லோரும் செய்வதுதான். சுகந்தி கிட் வராத விமானங்களைத்தான் செய்வார். ஒன்றின் உடம்பு, வேறொன்றின் இறக்கை, இன்னொன்றின் சக்கரம் என்று மிச்சம் மீதியெல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். அந்த டப்பாவிலும் இல்லாததை வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டையில் வெட்டிக் கையால் செய்ய வேண்டும்.

அவரிடம் இரண்டே கட்டுப்பாடுகள்தான்.

பிளாஸ்டிக் மேல் பென்சிலால் மட்டும் கோடு போடலாம். பால்பாயிண்ட் பேனா கூடவே கூடாது. சீடர் ஆரம்பத்தில் ஒருமுறை பேனாவால் ஜன்னல் வரைந்துவிட்டு, அதன்மேல் வெள்ளை அடித்தார். காய்ந்ததும் ஜன்னல் ஊதா நிறத்தில் மேலே வந்தது. இன்னொரு பூச்சு கொடுத்தார். அதிலும் வந்தது.

"மை உள்ள இறங்கிருச்சுங்க சார்" என்றார் குரு. "இனி நீங்க எத்தனை அடிச்சாலும் ஏறி வரும்." சொல்லிவிட்டு அதைத் தூக்கி டப்பாவில் போட்டார். சீடருக்கு அன்று முழுக்க முகம் தொங்கிப்போயிருந்தது.

இரண்டாவது கட்டுப்பாடு கொஞ்சம் விசித்திரமானது. வண்ணம் அடிப்பதற்கு முன்னால், நிஜ விமானத்தைக் கண்ணால் பார்த்த யாராவது ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அப்போது விமானம் பார்க்கச் சகிக்காது. உடம்பு சாம்பல், இறக்கை பச்சை, வால் கறுப்பு, கையால் செய்த இடமெல்லாம் வெள்ளை. ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். அப்படியே காட்ட வேண்டும்.

சென்னியப்பன் ஒரே ஒரு விமானத்தைச் செய்யத்தான் இவ்வளவும் கற்றுக்கொண்டார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, தாராபுரம் பக்கம் பருத்திக் காடுகளுக்கு மேலே பறந்து பூச்சி மருந்து தெளித்த மஞ்சள் விமானம் அது. அவருடைய அப்பா அந்த விமானத்துக்கு மருந்து கலக்கி ஏற்றும் வேலையில் இருந்தார். சென்னியப்பனுக்கு ஆறு வயது ஆனபோது இருமி இருமியே செத்துப்போனார்.

அப்பாவைப் பற்றி சென்னியப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு புகைப்படம்தான். அதில் மஞ்சள் விமானத்தின் இடது பக்கத்தில் அப்பா நிற்கிறார். தோளில் சென்னியப்பன், வாய் கொள்ளாத சிரிப்பு.

மற்றதெல்லாம் தெரிந்தவள் அக்கா பாவாயி. ஒன்பது வயது மூத்தவள், வயது எழுபது. நல்லது கெட்டது எல்லாம் பேசுவாள். அப்பா பேச்சையோ அந்த விமானத்தின் பேச்சையோ எடுத்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். விமானத்தை அப்படியே செய்து, பளபளவென்று மஞ்சள் அடித்து அவள் கையில் கொடுத்தால் என்றாவது வாயைத் திறப்பாள் என்று தம்பி நம்பியிருந்தார். அவளும் போய்விட்டால் அப்பாவைப் பற்றிக் கேட்க உலகத்தில் வேறு ஆள் இல்லை. அந்தப் பயம் அவருக்கு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது பக்கம் முழுக்க முடிந்தது. சீடர் விமானத்தைத் திருப்பி வைத்துவிட்டு, அதையும் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னுங்க சார்?"

"வலது பக்கத்தை எப்படிச் செய்யறதுங்க, அம்மணி? போட்டோவுல அந்தப் பக்கமே இல்லையே."

"நீங்க என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

"இடதையே திருப்பிப் போட்டுரலாம்னு இருக்கறனுங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே இருக்கும்?"

குரு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டர் அச்சை எடுத்துவந்து சீடர் முன்னால் வைத்தார். மேல் தாடை, பற்களோடு. வலது பாதியை ஒரு துணியால் மூடினார்.

"இடதைப் பாத்து வலதைச் சொல்லுங்க."

சீடர் குனிந்து உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு பல்லாக விரலால் தொட்டார்.

"இதே மாதிரி வரிசையா இருக்குமுங்க. கடைவாய்ப் பல்லு கொஞ்சம் தேஞ்சிருக்கும்."

குரு துணியை எடுத்தார். வலது பக்கத்தில் கடைவாய்ப் பல் இருக்க வேண்டிய இடம் காலி. அதற்கு முன்னால் இருந்த பல் அந்தப் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

"அட! யார் வாயிங்க இது?"

"உங்க வாய்தானுங்க. பல் கட்ட வந்தப்ப எடுத்த அச்சு."

சீடரின் நாக்கு அவரையும் கேட்காமல் அந்த இடத்தைத் தேடிப் போனது. பிறகு வெட்கத்தோடு சிரித்தார்.

"சரிங்க அம்மணி. இடதைத் திருப்பிப் போடலைங்க. அப்புறம் எதைத்தான் போடறது?"

"போட்டோவைக் கொடுங்க."

குரு புகைப்படத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில், சட்டம் முடிகிற இடத்தில், ஒரு பாவாடையின் நுனியும் ஒரு பாதமும் தெரிந்தன.

"இது யாருங்க?"

"தெரியலைங்க. அக்காவா இருக்கும்."

"அப்ப அவங்க பாத்திருக்காங்க."

"அக்காகிட்டக் கேக்க முடியாதுங்க. முடிச்சு, மஞ்சள் அடிச்சு, ஒரேயடியாக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்னுதான் இருக்கறேன். இந்த ஒட்டுத்துணிக் கோலத்துல போய் எப்படிக் காட்டறது? ஒரு தடவை அவங்க எந்திரிச்சு உள்ள போயிட்டா, அதோட போச்சுங்க அம்மணி."

"வண்ணம் அடிச்சுக் காட்டினா, நல்லா இருக்குதும்பாங்க. அடிக்காம காட்டினா, இது சரியில்லைம்பாங்க" என்றார் குரு. "உங்களுக்கு எது வேணுமுங்க?"

சீடர் வலது பக்கத்தில் வெறும் வெள்ளை அட்டையை மட்டும் வெட்டி ஒட்டினார். விமானத்தைப் பஞ்சு வைத்த இனிப்பு டப்பாவில் படுக்கவைத்தார்.

பாவாயி தாராபுரம் சாலையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தாள். புண்ணாக்கு மூட்டைக்கும் தவிட்டு மூட்டைக்கும் நடுவே ஒரு நாற்காலி. தம்பி டப்பாவை மேஜைமேல் வைத்துத் திறந்தார்.  இனிப்பு என்று நினைத்து எட்டிப் பார்த்த அக்காவின் முகம் மாறியது.

"எதுக்குடா இதைய இங்க கொண்டாந்த?"

"நான் செஞ்சதுங்கக்கா."

பாவாயி எழுந்தாள்.  தெரிந்த கதைதான், இதோ உள்ளே போகப்போகிறாள் என்று நினைத்தார். இத்தனை மாத உழைப்பு வீணாவதைவிட, இனிமேல் கேட்கவே முடியாது என்பதுதான் அவரை வாட்டியது.

அவள் போகவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள். இரண்டு விரலால் விமானத்தைத் தூக்கி, இடது பக்கத்தைப் பார்த்தாள். பிறகு திருப்பினாள்.

"இது தப்பு."

"எதுங்கக்கா?"

"இந்தப் பக்கம் வெறுமனே இருக்காது. இங்க ஒரு வாய் இருக்கும், மூடி போட்டு. பீப்பாயிலிருந்து கைப்பம்புல அதுக்குள்ளதான் மருந்து ஏத்துவாரு ஐயன். சோறு கொண்டுட்டுப் போறப்பெல்லாம் பாத்திருக்கறேன்."

பாவாயி அப்பாவை எப்போதும் ஐயன் என்றுதான் சொல்வாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று தம்பிக்குக் கணக்கு வரவில்லை.

அவர் தடுக்க நினைப்பதற்குள் பாவாயி மேஜையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்தாள். வெள்ளை அட்டையில் அழுத்தி ஒரு வட்டம் போட்டாள்.

"அக்கா, பேனா வேண்டாமுங்க..."

"பேசாம இரு. இதுக்குக் கீழ, மருந்து வழிஞ்சு வழிஞ்சு மஞ்சளெல்லாம் வெந்துபோயிருக்கும். தகரம் தெரியும்." வட்டத்தின் கீழே பேனாவை முன்னும் பின்னும் ஓட்டிக் கிறுக்கினாள். "இத்தனை தூரத்துக்கு. சட்டையும் அப்படித்தான் இருக்கும். நாந்தான் தொவைப்பேன்."

"எனக்கு இதெல்லாம் ஞாபகமே இல்லீங்கக்கா. ஏரோப்பிளேன்னா மஞ்சளு. பளபளன்னு இருக்கும். அவ்வளவுதான் தெரியும்."

"ஞாபகம் எப்படி இருக்கும்? நீ இந்தப் பக்கத்தைப் பாத்ததே இல்லையே."

தம்பி அக்காவைப் பார்த்தார்.

"உனக்கு ஏரோப்பிளேன்னா உசுரு. கண்டா ஓடுவ. ஐயன் எங்கிட்டக் கறாராச் சொல்லிட்டாரு. 'இவனைய அந்தப் பக்கம் விட்டறாத, பாவாயி. அந்த நெடி இவனுக்கு ஆகாது.' நான் உன்ற கையைப் புடிச்சுட்டு இடது பக்கமே நிப்பேன். நீ என்னையக் கடிப்ப, கிள்ளுவ. விடமாட்டேன். ஐயன் வேலையை முடிச்சு, கையும் மூஞ்சியும் கழுவிட்டு, சுத்தி இடது பக்கம் வந்துதான் உன்னையத் தூக்குவாரு. போட்டோ எடுத்தப்பவும் அப்படித்தான் வந்தாரு."

கடைக்கு ஒரு ஆள் பருத்திக்கொட்டை கேட்டு வந்தார். பாவாயி அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். வியாபாரத்தை அவள் அப்படி விட்டதைத் தம்பி பார்த்ததில்லை.

அன்று அவள் பேசினாள். ஐயன் எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார், ராத்திரி இருமல் வந்தால் பிள்ளைகள் முழித்துக்கொள்ளக் கூடாது என்று எப்படி வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார், எல்லாம் சொன்னாள். சென்னியப்பன் அறுபத்தொரு வயதில், தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல் அழுதார். அக்காவும் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"மஞ்சள் அடிச்சுக் கொண்டா. இங்க வெச்சுக்கறேன்."

அடுத்த ஞாயிறு சீடர் லேப்புக்கு வந்து டப்பாவைத் திறந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னார். குரு விமானத்தைக் கையில் எடுத்து வலது பக்கத்தைப் பார்த்தார். வட்டமும் கிறுக்கலும் ஊதா மையில் அழுத்தமாகப் பதிந்திருந்தன. சில இடங்களில் பேனா முனை பிளாஸ்டிக்கைக் கீறியே விட்டிருந்தது.

"வாய் செய்ய அட்டை வெட்டிட்டனுங்க. மூடிக்கு டப்பாவுல ஒரு சக்கரத்து மூடி கிடைச்சது, சரியாப் பொருந்துது" என்றார் சீடர்.

"செய்யுங்க."

"ஆனா இந்தப் பேனா மை இருக்குதேங்க அம்மணி. வேண்டாம்னு சொல்றதுக்குள்ள போட்டுட்டாங்க. சுரண்டி எடுத்துட்டுப் புதுசா அட்டை ஒட்டலாமான்னு பாத்தேன். கத்தியை எடுத்தா மனசு வர மாட்டேங்குது. அப்படியே விட்டு மஞ்சள் அடிச்சா, எத்தனை பூச்சு கொடுத்தாலும் மேல வந்துருமே."

குரு மஞ்சள் புட்டியை எடுத்து நன்றாகக் குலுக்கினார். மூடியைத் திறந்து சீடர் முன்னால் வைத்தார்.

"வரட்டுங்க சார்."