தூண்டில் தேடிய காட்டுப்பூனை

கோரைமடை என்ற காட்டுக்குளத்தின் கரையில் சிங்காரம் என்றொரு காட்டுப்பூனை இருந்தான். அவனுக்கு மீன் என்றால் உயிர். தண்ணீர் என்றால் ஆகாது. பாதத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டுவிட்டால் போதும், அரைநாள் அதை நக்கித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அப்படியானால் அவன் வீட்டுக்கு மீன் எப்படி வந்தது? அவன் மனைவி வடிவு பிடித்து வந்தாள். சேற்றில் இறங்குவாள். அசையாமல் நிற்பாள். முன்னங்காலால் ஒரே அறை! மீன் கரையில் விழுந்து துள்ளும். சிங்காரம் நிழலில் படுத்தபடியே, "இன்னும் கொஞ்சம் பெரிசாப் பார்த்து அடிச்சிருக்கலாமே, வடிவு!" என்பான்.

அந்தக் கோடையில் வடிவின் முன்னங்காலில் கருவேல முள் ஏறிவிட்டது. கால் வீங்கிப் போயிற்று. புதருக்குள் குட்டிகள் பசியில் கத்தின.

"என்னால இறங்க முடியாதுங்க. நீங்க போய் ஒரு மீன் கொண்டு வாங்க" என்றாள் வடிவு.

"போறேன்! ஆனா உன்னை மாதிரி சேத்துல நின்னு அடிக்கிறதெல்லாம் நமக்கு ஒத்து வராது. மனுஷங்க எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பார்த்திருக்கியா? கால்ல ஒரு பொட்டு ஈரம் படாம, தூண்டில் போட்டுப் பிடிக்கிறாங்க!"

யாரோ கரையில் விட்டுப்போன தூண்டில் முள் ஒன்றை அவன் பத்திரமாக வைத்திருந்தான். ஒரு மூங்கில் கம்பை முறித்தான். கற்றாழை நாரைத் திரித்து நுனியில் கட்டினான். முள்ளில் ஒரு வெட்டுக்கிளியைக் குத்தினான். அந்த வெட்டுக்கிளியையும் நொண்டிக்கொண்டே போய்ப் பிடித்துக் கொடுத்தவள் வடிவுதான்.

குளம் வற்றிச் சுருங்கியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் தாமரையும் கோரையுமாகக் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அங்கே ராக்காயி என்ற விரால்மீன் தன் குஞ்சுகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். செக்கச்செவேலென்று நூற்றுக்கணக்கான குஞ்சுகள், கரையோரமாகவே மொய்த்துக்கொண்டிருந்தன. குனிந்து கையை விட்டு வாரினால் ஒரு வீட்டுக்கே விருந்து.

சிங்காரம் குனியவில்லை. கம்பும் கையுமாகத் தன் நிழல் தண்ணீரில் எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

விராலுக்கு அடிக்கடி மேலே வந்து காற்று குடிக்க வேண்டும். அப்படி வந்த ராக்காயி பூனையைப் பார்த்தாள். குஞ்சுகளைப் பார்த்தாள். ஓடி ஒளியவும் வழியில்லை, குஞ்சுகளை எடுத்துக்கொண்டு போகவும் வேறு தண்ணீர் இல்லை. அவள் வாயைத் திறந்தாள்.

"ஐயா! ஒரு வார்த்தை கேட்கலாமா?"

சிங்காரம் திடுக்கிட்டான். "என்ன?"

"இந்தக் கம்பை வெச்சா என்னைப் பிடிக்கப் போறீங்க?"

"ஏன்? கம்புக்கு என்ன குறைச்சல்?"

"உலக்கை மாதிரி விறைச்சு நிக்குதே! முள்ளைக் கவ்விட்டு நான் ஒரு திமிறு திமிறினா நுனி வளைஞ்சு கொடுக்க வேண்டாமா? வளையலைன்னா என் வாய் கிழியும், நான் என் வழியில போயிடுவேன். இவ்வளவு அழகா மீசை வெச்சிருக்கிறவர் கையில இப்படி ஒரு உலக்கையா? எனக்கே மனசு கேட்கலை!"

மீசையைப் பற்றி அவனிடம் யாரும் அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. சிங்காரம் அதைத் தடவிக்கொண்டான்.

"நீ சொல்றதும் சரிதான். வேற எந்தக் கம்பு நல்லா இருக்கும்?"

"பிரம்பு! மலைச்சரிவுல கிடைக்கும். போறதுக்கு முன்னால அந்த வெட்டுக்கிளியைக் கழற்றி இங்கே போடுங்க. இரை சரியா இருக்கான்னு ருசி பார்த்துச் சொல்றேன்."

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தபடி சிங்காரம் வெட்டுக்கிளியைக் கழற்றிப் போட்டான். அடுத்த நொடியே அதைக் குஞ்சுகள் பிய்த்துத் தின்றுவிட்டன.

சாயங்காலம் வடிவு கேட்டாள். "மீன் எங்கேங்க?"

"அவசரப்படாதே! இன்னிக்குக் கம்பு சரியில்லைன்னு கண்டுபிடிச்சிருக்கேன்!"

மறுநாள் மலைச்சரிவில் உருண்டு புரண்டு ஒரு பிரம்பைக் கொண்டுவந்தான். ராக்காயி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அபாரம்! என்ன வளைவு! என்ன நயம்! ஆனா..."

"ஆனா?"

"முள்ளைக் கட்டியிருக்கிற நரம்பைத்தான் சகிக்கலை. மாடு கட்டுற கயிறு மாதிரி இருக்கு. தெளிஞ்ச தண்ணியில இது எங்க கண்ணுக்கு மலைப்பாம்பாட்டம் தெரியும். எந்த மீன் கிட்ட வரும்? மெல்லிசா, கண்ணுக்கே தெரியாம இருக்கணும். குதிரைவால் முடியை முடிஞ்சு போட்டா அருமையா இருக்கும்."

காட்டோரத்தில் ஒரு மட்டக்குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. சிங்காரம் பின்னால் போய் வாலைப் பிடித்தான். குதிரை உதைத்த உதையில் கள்ளிப்புதரைத் தாண்டிப் போய் விழுந்தான். ஆனாலும் வாயில் ஒரு கொத்து முடி இருந்தது! அதைப் பிடித்தபடியே பெருமையாக வீட்டுக்கு வந்தான்.

"என்னங்க, முகம் இப்படி வீங்கியிருக்கு?" என்றாள் வடிவு.

"நரம்பு தேர்ந்தெடுக்கிறது லேசுப்பட்ட காரியமா?" என்றான் சிங்காரம்.

குதிரைமுடியைப் பார்த்ததும் ராக்காயி பூரித்துப் போனாள். "அடடா! எங்கே இருக்குன்னே தெரியலையே! ஆனா ஒண்ணு. இங்கே எல்லாம் தாமரைத் தண்டு. நான் உள்ளே புகுந்து ஒரு சுத்து சுத்தினா இது பட்டுனு அறுந்துடும். கோரைக்குள்ள பிடிக்கணும்னா தடிச்ச நரம்பும் விறைப்பான கம்பும் வேணும், ஐயா."

"அதைத்தானே முதல் நாள் கொண்டு வந்தேன்!"

"அது விறைப்புதான். நீளம் பத்தலையே!"

சிங்காரத்துக்கு மெய்சிலிர்த்தது. ஒரு கம்புக்குள் இவ்வளவு விஷயமா! இது தெரியாமல் வடிவு இத்தனை காலம் வெறும் கையால் மீன் அடித்துக்கொண்டிருந்தாளே என்று அவள்மேல் இரக்கம்கூட வந்தது.

அன்று முதல் அவன் கம்பு தேடியே காடெல்லாம் அலைந்தான். நொச்சி கொண்டுவந்தான். நுனி மெலிவு என்றாள் ராக்காயி. புங்கு கொண்டுவந்தான். கனம் என்றாள். தினமும் ஒரு வெட்டுக்கிளியை ருசி பார்த்தாள். குஞ்சுகள் கொழுத்தன. வேலமரத்தில் சாத்தி வைத்த கம்புகள் வேலி கட்டினாற்போல் நின்றன. ஒன்றில்கூட ஒரு மீன் மாட்டவில்லை.

ஆனால் சிங்காரத்தின் பெயர் காடு முழுதும் பரவிவிட்டது. தூண்டில் என்றால் சிங்காரம்தான்! முயலும் மானும்கூட வந்து கேட்டுவிட்டுப் போயின. ஒருநாள் சடையன் என்ற நீர்நாய் வந்தான்.

"வெட்டவெளித் தண்ணின்னா மெல்லிசு நரம்பு, வளையுற கம்பு. புதர்த் தண்ணின்னா தடிச்ச நரம்பு, விறைச்ச கம்பு. இதை முதல்ல மனசுல வாங்கிக்கணும்!" என்று சிங்காரம் பாடம் நடத்தினான்.

சடையன் மரியாதையாகத் தலையாட்டினான். வாய் திறந்து பதில் சொல்ல அவனால் முடியவில்லை. வாய் நிறைய மீன் இருந்தது.

வீட்டில் நிலைமை மோசமாகிக்கொண்டே வந்தது. வடிவு நொண்டி நொண்டிப் பிடிக்கும் ஓணானும் எலியும் குட்டிகளுக்குப் போதவில்லை. ஒருநாள் சிங்காரம் வந்து, "தக்கையை எங்கே கட்டணும் தெரியுமா..." என்று தொடங்கியபோது கடைசிக் குட்டி கத்தவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. கத்துவதற்கு அதற்குத் தெம்பில்லை.

சிங்காரம் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நாளைக்கு நானும் குளத்துக்கு வர்றேன்" என்றாள் வடிவு.

அன்றிரவு இடி இடித்து, கோடை முடிந்து, பெருமழை கொட்டியது. காலையில் இருவரும் போனபோது குளம் நிறைந்து கிடந்தது. வடிவு மரத்தில் சாய்த்திருந்த கம்புகளை வரிசையாகப் பார்த்தாள்.

"இத்தனை கம்பா?"

"ஒவ்வொண்ணுலயும் ஒரு குறை. இது நீளம் பத்தலை. அது நுனி மெலிவு. இந்த நரம்பு கண்ணுக்குத் தெரியுது. அந்த நரம்பு அறுந்துபோகும்."

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"ராக்காயி."

"ராக்காயின்னா யாரு?"

"அதான் வடிவு, நான் பிடிக்கப் போறேனே, அந்த விரால்!"

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொற்கள் சிங்காரத்தின் காதிலேயே விழுந்தன. அவன் வாய் திறந்தபடி நின்றது. மீசை மெல்லத் தொங்கியது.

வடிவு திரும்பித் தண்ணீரை நோக்கி நொண்டினாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சிங்காரம் கரைக்கு ஓடினான். நிரம்பிய குளம், மிஞ்சிய தண்ணீர் வழியும் கலங்கல் வழியாகப் பக்கத்திலிருந்த பெரிய ஏரிக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த வாயிலில் ராக்காயி நின்றாள். அவளைச் சுற்றி விரல் நீளத்துக்கு வளர்ந்த பிள்ளைகள், துடுக்காக நீந்தின.

"ராக்காயி! என்னை ஏமாத்திட்டியே!" என்று கத்தினான்.

"ஏமாத்தினேனா? நான் சொன்னதுல ஒண்ணாவது பொய் உண்டா, ஐயா? விறைச்ச கம்புல வாய் கிழியும், உண்மை. தடிச்ச நரம்பு கண்ணுக்குத் தெரியும், உண்மை. மெல்லிசு நரம்பு தண்டுல அறுபடும், அதுவும் உண்மை."

"அப்புறம் ஏன் எனக்கு ஒரு மீன்கூடக் கிடைக்கலை?"

"உங்களுக்குக் கம்பே தேவைப்படலையே! முதல் நாள் என் பிள்ளைங்க உங்க காலடியிலதான் இருந்தாங்க. குனிஞ்சு கையை விட்டிருந்தா எல்லாரையும் வாரியிருப்பீங்க. பெத்தவள் நான், அதை மட்டும் சொல்ல முடியுமா? உங்க வீட்டு வெட்டுக்கிளிக்கு நன்றி, ஐயா. பிள்ளைங்க அதுலதான் தேறினாங்க!"

ராக்காயி வாலை ஒரு வீசு வீசினாள். தாயும் பிள்ளைகளும் கலங்கல் தாண்டி ஏரிக்குள் மறைந்தார்கள்.

சிங்காரத்துக்கு முதலில் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று யோசித்தான். ராக்காயி தன் பிள்ளைகளைக் காப்பாற்றினாள். வடிவு தன் பிள்ளைகளைக் காப்பாற்றப் பாடுபட்டாள். தான் என்ன செய்தோம்? விராலின் வீட்டுக்குச் சம்பளமில்லாமல் சாப்பாடு சுமந்தோம்! அதற்காகக் குதிரையிடம் உதை வேறு வாங்கினோம்! நினைக்க நினைக்க அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது.

அந்தப் பக்கம் வடிவு நொண்டிக்கொண்டே தண்ணீரில் இறங்கப் போனாள்.

"நீ இரு, வடிவு. நான் இறங்குறேன்."

புதுவெள்ளத்தை எதிர்த்துக் கெண்டைகள் துள்ளி ஏறிக்கொண்டிருந்தன. சிங்காரம் கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தான். முதல் அறையில் தண்ணீர்தான் தெறித்தது. இரண்டாவது அறையில் வழுக்கித் தலைகுப்புற விழுந்தான். சேறு பூசிய முகத்தோடு எழுந்தான்.

"அசையாம நில்லுங்க! மீன் உங்ககிட்ட வரும்!" என்று கரையிலிருந்து சொன்னாள் வடிவு.

நின்றான். குளிரில் பல் கிட்டியது. ஒரு கெண்டை பக்கத்தில் வந்தது. ஓங்கி ஒரே அறை! மீன் கரையில் விழுந்து துள்ளியது. சின்ன மீன்தான்.

"நான் பிடிச்சதிலேயே பெரிய மீன் இதுதான், வடிவு! நான் பிடிச்சதே இது ஒண்ணுதான்!" என்றான் சிங்காரம். பல நாளுக்குப் பிறகு வடிவு சிரித்தாள்.

இன்னும் சில மீன்கள் சேர்ந்ததும் வீட்டுக்கு ஓடினார்கள். கடைசிக் குட்டிக்குத்தான் முதல் துண்டு. அது மென்று விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று காடு அதிரக் கத்தியது.

கொஞ்ச நாள் கழித்து மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நரி வந்தான். "தூண்டில் விஷயத்துல உங்களை மிஞ்ச ஆளில்லைன்னு சொன்னாங்க. எனக்கு ஒரு நல்ல கம்பும் நரம்பும் பார்த்துச் சொல்லணும்!" என்று கும்பிட்டான்.

"தம்பி, கம்பைப் பத்தி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அதனாலதான் என் வீட்டுல எல்லாரும் பட்டினி கிடந்தாங்க!" என்றான் சிங்காரம். பிறகு அவனை உட்காரவைத்து, குதிரை உதைத்தது வரை ஒன்றுவிடாமல் சொல்லிச் சிரித்தான்.

யாரைப் பிடிக்கப் போகிறோமோ அவரிடமே யோசனை கேட்டால், அவர் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும், நம்மை அலைய வைக்கும் உண்மையைத்தான் சொல்வார்.